ஒரே பாட்டன் வம்சம், ரெண்டு விதமான ஊரு: ரேகோஹு தீவு, 1835

சண்டை போடறது மனுசன் ரத்தத்துலயே இருக்கா, இல்ல ஊரு சேந்து கத்துக்குடுக்கறதா? இந்த கேள்விய எடுத்தாலே ஆளாளுக்கு தனக்கு வசதியான உதாரணத்த தூக்கி போடுவாங்க, ஒருத்தர் சிம்பன்சி கூட்டமா போய் கொல்றத சொல்வாரு, இன்னொருத்தர் ஏதோ காட்டுல சண்டையே தெரியாத பழங்குடிய சொல்வாரு, பேச்சு அதோட நின்னுரும். இதுல பிரச்சனை என்னன்னா கம்பேர் பண்ற ரெண்டு கூட்டத்துக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும், எதனால எது வந்துச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. அந்த விதத்துல பசிபிக் கடல்ல நடந்த ஒரு கேஸ் ரொம்ப அபூர்வம். ஒரே மூதாதைங்க, ஒரே மொழிக்குடும்பம், ஒரே சாமிங்க, ஒரே மாதிரி கல்லு மரம் ஆயுதம், ரெண்டா பிரிஞ்சு முன்னூறு வருஷத்துக்கு மேல ஒருத்தர ஒருத்தர் பாக்காம வாழ்ந்து, திரும்ப சந்திக்கறப்ப ஒரு பக்கம் உலகத்துலயே பேர் போன போர்வீரங்க, இன்னொரு பக்கம் ஆள கொல்றதே தடைன்னு சட்டம் வெச்சிருந்த ஜனங்க.

முதல் பக்கம் நியூசிலாந்து மாவோரி. ரெண்டாவது பக்கம் மோரியோரி, நியூசிலாந்துக்கு கிழக்க சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கற சாத்தம் தீவுக்காரங்க, அவங்க தீவுக்கு அவங்க வெச்ச பேரு ரேகோஹு. ரெண்டு பேரும் சந்திச்சது 1835 நவம்பர். முடிவு நல்லா இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். பசிபிக் தீவுகள்ல வாழற பாலினேசியக்காரங்க நியூசிலாந்துல வந்து இறங்குனது 13ஆம் நூற்றாண்டு வாக்குல. வந்தப்ப அங்க மோவான்னு பெரிய பெரிய பறக்காத பறவைங்க, சில ரகம் ஆள விட உசரம், கடற்கரை பூரா சீல்ங்கற கடல்நாய், சாப்பாட்டுக்கு பஞ்சமே இல்ல, சண்டை போட பெருசா காரணமும் இல்ல. நூறு இரநூறு வருஷத்துல மோவா மொத்தமும் காலி, வேட்டையாடியே தீத்துட்டாங்க. அப்பறம் வாழ்க்கை சக்கரவள்ளிக்கிழங்குக்கு மாறுது, அத அவங்க குமாராம்பாங்க. அது வெப்பமண்டலத்துப் பயிரு, அந்த குளிருக்கு வருஷத்துக்கு ஒரு தடவதான் விளையும், குளிர்காலத்துக்கு குழி வெட்டி சேத்து வெச்சே ஆகணும், அதுக்கு ஏத்த மண்ணும் எல்லா எடத்துலயும் கெடையாது. சேத்து வெச்சா என்ன ஆகும்? பக்கத்து ஊர்க்காரனுக்கு கண்ணு போகும். கரெக்டா 1500 வாக்குலதான் "பா"ங்கற கோட்டைங்க முளைக்க ஆரம்பிக்குது, மலை உச்சிய படிப்படியா வெட்டி, அகழி தோண்டி, மரக்கம்பு வேலி போட்டு, உள்ள கிழங்குக்குழி. இன்னிக்கு தொல்லியல் ஆளுங்க ஆயிரக்கணக்குல இந்த கோட்டை மிச்சங்கள கணக்கெடுத்து வெச்சிருக்காங்க.

போரு வந்ததும் அதோட சேந்து மொத்த வாழ்க்கைமுறையும் அதுக்கு ஏத்த மாதிரி உருவாகுது. மனான்னா கௌரவம் அதிகாரம் ரெண்டும் கலந்த ஒண்ணு, அது கூடவும் செய்யும் கொறையவும் செய்யும். உத்துன்னா கணக்கு தீக்கறது, நல்லதுக்கு நல்லது கெட்டதுக்கு கெட்டது, பாக்கி வெக்கக்கூடாது. பாட்டன் காலத்து அவமானத்த பேரன் போய் தீப்பான், அதுவரைக்கும் பாட்டுலயும் பேச்சுலயும் அந்த கணக்கு உசுரோட இருக்கும். பச்சை குத்தறது, மரச்செதுக்கு, ஹாகா ஆட்டம், வம்சாவளிய தலைகீழா ஒப்பிக்கறது எல்லாத்துலயும் போரோட வாசனை இருக்கு. இதப் பாத்து "போர்தான் இவங்க கலாச்சாரத்த உண்டாக்குச்சு"ன்னு எழுதறவங்க உண்டு. எனக்கு அது பாதி உண்மைன்னுதான் தோணுது, ஏன்னா இதே மனாவும் இதே வம்சாவளி ஒப்பிக்கறதும் போரே இல்லாத பாலினேசிய விசேஷங்கள்லயும் இருக்கு. இருந்த சாமான எடுத்து போரு தன் வேலைக்கு வளைச்சுக்கிச்சுன்னு சொன்னா சரியா இருக்கும்.

இப்ப அந்தப் பக்கம். இதே 1500 வாக்குல, அதாவது நியூசிலாந்துல கோட்டை கட்ட ஆரம்பிக்கற நேரம், அங்கேருந்து கொஞ்சம் பேர் கடல் தாண்டி ரேகோஹுவுக்கு போய் சேருறாங்க. பெரிய தீவே 900 சதுர கிலோமீட்டர்தான், அதுலயும் அஞ்சுல ஒரு பங்கு தே ஃபங்கான்னு ஒரு லகூன், அதாவது காயல், தின்னுடுது. எந்நேரமும் காத்து, குளிரு, குமாரா முளைக்கவே முளைக்காது. கோப்பின்னு ஒரு மரத்தோட கொட்டை, மீனு, சிப்பி, ஆல்பட்ராஸ்ங்கற பெரிய கடல்பறவையோட குஞ்சு, சீல் இதான் சாப்பாடு, சீல் தோல்தான் போர்வை. பெரிய படகு கட்ட மரம் கெடையாது, நாணல் மாதிரி தண்டுகள கட்டி தண்ணி ஊடால ஓடற மாதிரி மிதவை செஞ்சாங்க, அதுல ஏறி அலை அடிக்கற பாறைத்திட்டுக்கு ஆல்பட்ராஸ் குஞ்சு புடிக்க போவாங்க. மொத்த ஜனமே சுமார் 2000 பேர்தான்.

அவங்க ஒண்ணும் சாந்த சொரூபிகளா வந்து எறங்கல. அவங்களோட சொந்த வரலாறே சொல்லுது, ஃபெட்டேனா, ரௌரு, ஹமாத்தான்னு கூட்டம் கூட்டமா அடிச்சுக்கிட்டாங்க, கொன்னாங்க, தின்னாங்க. அப்பதான் ஹமாத்தா வழில வந்த நுனுகு ஃபெனுவாங்கற தலைவர் நடுவுல பூந்து, இனிமே ஆள கொல்லக்கூடாது, ஆள தின்னக்கூடாதுன்னு கட்டளை போடறாரு, மீறுறவனோட குடல் அழுகிப்போகட்டும்னு சாபத்தையும் சேத்து வெக்கறாரு.

சாபம் விடறது எல்லா ஊர்லயும் நடக்கும், பெரிய விஷயமில்ல. அந்த கட்டளைய நடைமுறைல எப்டி ஓட வெச்சாங்கங்கறதுதான் இந்த கேஸ்ல எனக்கு முக்கியமா படுது. கோவம் வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல, வரத்தான் செய்யும்னு ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருக்குள்ள தகராறுன்னா துபுராரின்னு ஒரு கம்ப எடுத்துக்கிட்டு மோதிக்கலாம், கம்பு கட்டைவிரல் மொத்தம்தான் இருக்கணும், கை நீட்டுன நீளத்துக்கு மேல போகக்கூடாது, யாருக்காவது தோல் கிழிஞ்சு ஒரு சொட்டு ரத்தம் தெரிஞ்சா ஆட்டம் க்ளோஸ். நம்ம சிலம்பப் போட்டில தொட்டா பாயின்ட்டுன்னு நிறுத்தற மாதிரி, ஆனா இங்க நிறுத்தறது போட்டிய இல்ல, பகைய. தோத்தவனும் ஜெயிச்சவனும் அதோட வீட்டுக்கு போகணும், பாக்கி கெடையாது. மாவோரியோட உத்துவ நெனச்சுக்கோங்க, அங்க ஒரு சொட்டு ரத்தம்னா அது கணக்கோட ஆரம்பம்.

இன்னொண்ணு, பழைய கொலை ஆயுதங்கள அவங்க கடல்ல தூக்கி எறியல. தூஆஹுன்னு சொல்ற பூசை எடத்துல வெச்சிருந்தாங்க. ஆம்பளப்புள்ளைக்கு சடங்கு செய்யறப்ப அத எடுத்து காட்டி, இது இதுக்குத்தான் இருந்துச்சு, இப்ப நமக்கு தடைன்னு விளக்கி திரும்ப அங்கயே வெச்சிருவாங்க. மறந்துட்டதால வந்த அமைதி இல்ல அது, எப்டி கொல்றதுன்னு தெரிஞ்சே விட்டது, தலைமுறைக்கு தலைமுறை திரும்ப திரும்ப விட்டது. ஒரு கலாச்சாரம் எப்டி உருவாகுதுன்னு கேட்டா இதவிட க்ளீனான உதாரணம் எனக்கு தெரியல. ஒரு தடவ எடுத்த முடிவு, அத சடங்குல கட்டிப்போட்டு, சாபத்தால வேலி போட்டு, கோவத்துக்கு ஒரு வடிகாலும் விட்டு, அப்பறம் முன்னூறு வருஷம் ஓட்டிட்டாங்க.

இத படிக்கறவங்க வழக்கமா சொல்ற விளக்கம் சுற்றுச்சூழல். சின்ன தீவு, பயிர் இல்ல, சேமிப்பு இல்ல, அதனால படை வெச்சு சோறு போட முடியாது, தப்பிச்சு ஓட எடமும் இல்ல, அடிச்சுக்கிட்டா எல்லாரும் சாவாங்க, அதனால அமைதி. நல்ல விளக்கம்தான், பெரும்பகுதி நான் ஒத்துக்கறேன். ஆனா பாலினேசியாவுலயே மார்க்கேசஸ் தீவுகளும் சின்னதுதான், அங்க பள்ளத்தாக்குக்கு பள்ளத்தாக்கு வெட்டிக்கிட்டாங்க. குக் தீவுகள்ல மங்காயா இன்னும் குட்டி, அங்க சேப்பங்கிழங்கு வயலுக்காக மாத்தி மாத்தி போரு, ஜெயிச்சவன் தலைவன். அங்கல்லாம் பயிர் இருந்துச்சே, அதான் சண்டைன்னு கேப்பீங்க, சரி, ஆனா ரேகோஹுலயும் சீல் பாறை இருக்கு, ஆல்பட்ராஸ் திட்டு இருக்கு, கோப்பி தோப்பு இருக்கு, அடிச்சுக்கணும்னா சாக்கு இருந்துச்சு, ஆரம்பத்துல அடிச்சுக்கவும் செஞ்சாங்க. மண்ணும் தட்பவெப்பமும் அமைதிய சாத்தியமாக்குச்சு, அவ்ளோதான். முடிவு எடுத்தது மனுசங்க.

இந்த சட்டத்துக்கு வெளியாளோட முதல் பரீட்சை 1791 நவம்பர்ல வந்துச்சு. பிரிட்டிஷ் கப்பல் சாத்தம், அதோட தலைவர் வில்லியம் பிராட்டன், தீவோட வடக்கு கரைல கைங்கரோவாங்கற எடத்துல எறங்கி கொடி நட்டு இது எங்க ராஜாவோடதுன்னு அறிவிச்சாரு (கேக்க ஆளே இல்லாதப்ப அறிவிக்கறது அந்தக்காலத்து வழக்கம்). அப்பறம் ஜனங்க வந்தாங்க, புரியாம தள்ளுமுள்ளு, துப்பாக்கி வெடிச்சு ஒரு மோரியோரி செத்துட்டாரு. வேற ஊரா இருந்தா அடுத்த கப்பலுக்கு காத்துருந்து வெச்சு செஞ்சிருப்பாங்க. இவங்க கூட்டம் போட்டு பேசி, நம்ம ஆளுங்க சரியா வரவேற்கல, தப்பு நம்ம பக்கமும் இருக்கு, அடுத்து வர்றவங்கள சமாதான அடையாளத்தோட வரவேற்போம்னு முடிவு பண்ணதா அவங்க மரபு சொல்லுது. அடுத்து வந்தது சீல் வேட்டைக்காரங்களும் திமிங்கல வேட்டைக்காரங்களும். சீல அழிச்சாங்க, கூடவே நோயும் வந்துச்சு, 1835க்குள்ள ஜனத்தொகை 1700 பக்கம் எறங்கிருச்சு.

அதே நேரம் நியூசிலாந்துல நடந்ததையும் பாக்கணும், ஏன்னா 1835ல வந்து எறங்குன மாவோரி 1500ல பிரிஞ்ச மாவோரி கெடையாது. நடுவுல துப்பாக்கியும் உருளைக்கிழங்கும் வந்துருச்சு. துப்பாக்கி எல்லாருக்கும் தெரியும், உருளைக்கிழங்க யாரும் கவனிக்கறதில்ல. குமாரா நடறதுக்கு ஏகப்பட்ட சடங்கு, கட்டுப்பாடு, உழைப்பு, ஆம்பளைங்க ஊர்லயே இருக்கணும். உருளைக்கு அதெல்லாம் வேணாம், குளிர்லயும் விளையும், போர்ல புடிச்சுட்டு வந்த அடிமைங்கள வெச்சே விளைவிக்கலாம், தூக்கிட்டும் போகலாம். விளைஞ்சத கப்பக்காரனுக்கு வித்தா துப்பாக்கி, துப்பாக்கி இருந்தா இன்னும் அடிமை, அடிமை இருந்தா இன்னும் உருளை. முன்னாடி சில வாரம் நடந்த படையெடுப்பு இப்ப மாசக்கணக்குல, நூத்துக்கணக்கான மைல் தாண்டி போக ஆரம்பிச்சுது.

ங்காப்புஹி குலத்தோட ஹாங்கி ஹிகாவ பாத்தா இது எவ்ளோ வேகமா நடந்துச்சுன்னு புரியும். 1807 வாக்குல மோரெமோனுய்ங்கற எடத்துல அவரோட ஆளுங்க கொஞ்சம் துப்பாக்கியோட போனாங்க, சுட்டுட்டு திரும்ப மருந்து திணிக்கறதுக்குள்ள எதிராளி கிட்ட வந்து தடியால அடிச்சே ஜெயிச்சுட்டான், ஹாங்கியோட சகோதரங்க அதுல செத்தாங்க. வேற ஆளா இருந்தா துப்பாக்கி வேஸ்ட்னு விட்டுருப்பான். இவரு எண்ணிக்கை பத்தலன்னு கணக்கு போட்டாரு. 1820ல மிஷனரி ஒருத்தரோட இங்கிலாந்து போனாரு, கேம்பிரிட்ஜ்ல மாவோரி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தயார் பண்ண உதவுனாரு, நாலாம் ஜார்ஜ் ராஜாவ பாத்து இரும்புக் கவசம் பரிசா வாங்குனாரு, திரும்பற வழில சிட்னில நூத்துக்கணக்குல துப்பாக்கிய சேத்துக்கிட்டு ஊருக்கு வந்தாரு. 1821லேந்து தெற்க ஒவ்வொரு குலமா விழுந்துச்சு. அடி வாங்குனவன் உருளையும் சணலும் வித்து துப்பாக்கி வாங்கி அவனுக்கு தெற்க இருக்கறவன அடிச்சான். 1830கள் வரைக்கும் இது ஓடுச்சு, செத்தவங்க 20,000 பேர் இருக்கலாம்னு பொதுவா ஒரு மதிப்பீடு சொல்வாங்க. உத்து பழசுதான், ஆனா தடி இருந்தப்ப அதுக்கு ஒரு இயற்கையான பிரேக் இருந்துச்சு, துப்பாக்கி வந்ததும் பிரேக் கழண்டுருச்சு.

இப்டி தள்ளி விடப்பட்ட மாவோரி குலங்கதான் ங்காட்டி முட்டுங்காவும் ங்காட்டி டாமாவும். வடக்கேருந்து வந்த அடில சொந்த மண்ணு டாரநாக்கிய விட்டுட்டு இன்னிக்கு வெலிங்டன் இருக்கற பக்கம் ஒதுங்கி, அங்கயும் நிம்மதி இல்லாம இருந்தாங்க. அப்பதான் கப்பல்ல வேலை பாத்துட்டு வந்த ஒரு மாவோரி ஆளு சொல்றான், கிழக்க ஒரு தீவு இருக்கு, மீனும் பறவையும் கொட்டி கெடக்கு, அங்க உள்ளவங்களுக்கு சண்டை போடவே தெரியாது. லார்ட் ராட்னிங்கற கப்பல மிரட்டி புடிச்சு, ரெண்டு டிரிப்பா சுமார் 900 பேர், துப்பாக்கி, தடி, விதை உருளைக்கிழங்கு எல்லாத்தோடயும் வந்து எறங்குனாங்க. முதல் டிரிப் நவம்பர்ல, ரெண்டாவது டிசம்பர்ல.

முதல்ல எறங்குனவங்க நெலமை மோசம். கப்பல்ல ஆள் மேல ஆள், தண்ணி பத்தல, வந்து சேந்தப்ப பாதிப்பேர் நிக்கவே தெம்பில்லாம கெடந்தாங்க. மோரியோரி சாப்பாடு குடுத்து கவனிச்சாங்க. கொல்லணும்னா அந்த சில நாள்தான் நேரம், துப்பாக்கி இருந்தும் தூக்க ஆளில்லாத நேரம். அப்பறம் தெம்பு வந்ததும் வந்தவங்க அவங்க வழக்கப்படி நிலத்த "நடந்து" எடுத்துக்க ஆரம்பிச்சாங்க, ஊர் ஊரா போய் இது எங்களோடது நீங்க எங்க அடிமைன்னு அறிவிச்சுக்கிட்டே.

தே அவபாத்திகின்னு லகூன் கடல்ல சேர்ற எடம், அங்க மோரியோரி ஆம்பளைங்க சுமார் ஆயிரம் பேர் கூடுனாங்க. மூணு நாள் பேச்சு. எளவட்டங்க சொன்னது சிம்பிள்: நுனுகு சட்டம் நமக்குள்ள போட்டது, வெளியாளுக்கு பொருந்தாது, நம்ம எண்ணிக்கை ரெண்டு மடங்கு, அடிப்போம். பெரியவங்கள்ல டாப்பாட்டா, டோரேயா ரெண்டு பேரும் மறுத்தாங்க: சட்டம்னா ஆள பாத்து மாத்தறது இல்ல, கொன்னா நம்ம மனா போயிரும், நிலத்தையும் சாப்பாட்டையும் பங்கு போட்டுக்கலாம்னு சொல்வோம். பெரியவங்க பேச்சு நின்னுச்சு. அந்த சமாதானச் சேதி போய் சேர்றதுக்குள்ள வெட்டு ஆரம்பிச்சுருச்சு. முன்னூறு பேர் பக்கம் கொல்லப்பட்டாங்க, பொம்பளைங்க புள்ளைங்க உட்பட, பல பேர தின்னவும் செஞ்சாங்க. மிச்சம் எல்லாரும் அடிமை. தங்களுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கக்கூடாது, சொந்த மொழி பேசக்கூடாது, பூசை எடங்கள அசிங்கப்படுத்துனாங்க. கொலைய விட அதிகமா ஆள காலி பண்ணது அதுக்கப்பறம் வந்த வருஷங்கள்தான். மோரியோரி அத கோங்கெங்கேம்பாங்க, மனசு விட்டுப்போய் சாகறது. 1862ல எண்ணிப்பாத்தா உசுரோட இருந்தது 101 பேர்.

மோரியோரி அப்ப சும்மா இருந்துடல. அதே 1862ல பெரியவங்க உக்காந்து 1835ல தீவுல உசுரோட இருந்த ஒவ்வொருத்தர் பேரையும் ஞாபகத்துலேந்து சொல்ல, ஹிராவனு டாப்புங்கறவர் எழுத, யாரு கொல்லப்பட்டாங்க யாரு நோய்ல போனாங்கன்னு குறி போட்டு, கவர்னர் ஜார்ஜ் கிரேவுக்கு அனுப்பிட்டாங்க. 1600 பேருக்கு மேல. எழுத்தே கத்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருக்கும், அதுக்குள்ள அத வெச்சு முதல்ல செஞ்ச பெரிய வேலை இது. பிரிட்டிஷ் அரசாங்கம் 1842லயே தீவ தன்னோடதுன்னு சேத்துக்கிச்சு, ஆனா அடிமைத்தனம் முடிஞ்சதா அறிவிப்பு வந்தது 1863ல. இருவது வருஷம் என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு கேக்காதீங்க.

கோர்ட்டு செஞ்சது அதுக்கு மேல. 1870ல நிலக்கோர்ட்டு கேஸ் எடுத்தப்ப ங்காட்டி முட்டுங்கா தரப்பு வாதம், எங்க வழக்கப்படி புடிச்சோம், ஓடுனவன கொன்னோம், இதுல என்ன இருக்கு. கோர்ட்டும் 1840ல நிலம் யாரு கைல இருந்துச்சோ அவங்களுக்கேன்னு அதோட விதிப்படி 97 சதவீதத்துக்கு மேல அவங்களுக்கே எழுதிருச்சு. இதுல கூத்து என்னன்னா அவங்கள்ல பெரும்பாலானவங்க அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தீவ விட்டு டாரநாக்கிக்கு கெளம்பிட்டாங்க. ஒரு குலத்தோட போர் வழக்கத்துக்கு வெள்ளைக்காரன் கோர்ட்டு முத்திரை குத்துனதும், நேத்து வரைக்கும் மாறிட்டே இருந்த வழக்கம் கல்லுல வெட்டுன சட்டமாயிருச்சு.

அப்பறம் ஸ்கூல். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல நியூசிலாந்து பள்ளிப்புள்ளைங்களுக்கான இதழ்ல ஒரு கதை: மோரியோரின்னா நியூசிலாந்துல முதல்ல இருந்த மட்டமான வேற இனம், மாவோரி வந்து தொரத்திட்டான், அவங்க அழிஞ்சே போயிட்டாங்க. மூணும் பொய். ஆனா ரொம்ப வசதியான பொய், மாவோரி அவங்கள தொரத்துனான், நாங்க மாவோரிய தொரத்துனோம், இதுல எங்க தப்பு என்னன்னு குடியேறுனவங்க மனசாட்சிக்கு மருந்து. 1933ல டாமி சாலமன் செத்தப்ப கடைசி மோரியோரி போயிட்டாருன்னு எழுதுனாங்க, அவரோட புள்ளைங்க பேரப்புள்ளைங்க அங்கயே இருக்கறப்பவே.

நுனுகு சட்டம் தோத்துருச்சு, அதான் பாடம்னு இந்த கேஸ முடிக்கறவங்க நெறைய. சட்டம் போட்ட வேலைய அது முன்னூறு வருஷம் செஞ்சுது, ராஜ்ஜியங்களோட சமாதான ஒப்பந்தங்கள்ல பெரும்பாலானது அவ்ளோ நாள் தாங்குனதில்ல. அதுக்கு இருந்த ஓட்டை வேற. ரெண்டு பக்கமும் ஒரே விதிய ஏத்துக்கறவரைக்கும்தான் கம்புச்சண்டை கம்புச்சண்டையா இருக்கும். எளவட்டங்க கேட்ட கேள்வி, வெளியாளுக்கு இது பொருந்துமா, முன்னூறு வருஷமா கேக்க வேண்டிய தேவையே வராத கேள்வி, அதுக்கு மூணு நாள்ல பதில் தேட வேண்டியதாயிருச்சு. இதுல எளவட்டங்க பேசுனதுதான் சரின்னு என் மனசு சொல்லுது, ஆனா பெரியவங்கள முட்டாள்னு சொல்ல வாய் வரல.

எதிர்ப்பக்கமும் அப்டியே உறைஞ்சு நிக்கல. ங்காட்டி முட்டுங்கா திரும்பிப்போன அதே டாரநாக்கி மண்ணுல, பாரிஹாகாங்கற ஊர்ல தே ஃபிட்டி, தோஹுங்கற ரெண்டு மாவோரி தலைவருங்க ஆயுதம் எடுக்காத எதிர்ப்ப ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் புடுங்குன நிலத்த அளக்க வந்தா அளவு முளைய புடுங்கி போட்டு அந்த நிலத்துல ஏர் ஓட்டுவாங்க, கைது பண்ணா அடுத்த செட்டு வரும். 1881 நவம்பர் 5ஆம் தேதி 1600 பேர் படையோட வந்து ஊர வளைச்சப்ப சின்னப்புள்ளைங்க பாட்டு பாடி வழி மறிச்சாங்க, பெரியவங்க ரெண்டாயிரம் பேர் அசையாம உக்காந்திருந்தாங்க. அவங்க சின்னம் வெள்ளை ஆல்பட்ராஸ் இறகு. ரேகோஹுல வெட்டு நடந்து அம்பது வருஷம்கூட ஆகல. போர் ரத்தத்துல இருக்குன்னு சொல்றவங்க இந்த அம்பது வருஷத்துக்கு பதில் சொல்லணும்.

அரசாங்கத்து மேல பழங்குடிங்க வெக்கற புகார விசாரிக்கற வைத்தாங்கி தீர்ப்பாயம் 1990கள்ல மோரியோரி கேஸ விசாரிச்சுது, 2001ல அது அறிக்கை குடுத்துச்சு, அடிமைத்தனத்த கண்டும் காணாம விட்டதும் நிலத்தீர்ப்பும் அரசாங்கத்து மேல தப்புன்னு. 2005ல கோப்பிங்கான்னு ஒரு மராயே, அதாவது ஜனங்க கூடற மண்டபம், கட்டி, நடுத்தூண்ல அந்த 1862 பட்டியல்ல இருந்த பேருங்கள பதிச்சு, அங்க நுனுகுவோட உறுதிமொழிய திரும்ப எடுத்தாங்க. 2020 பிப்ரவரில அரசாங்கத்தோட செட்டில்மென்ட் கையெழுத்து ஆச்சு, 1.8 கோடி நியூசிலாந்து டாலர், கொஞ்சம் நிலம், அந்த ஸ்கூல் கதை உட்பட மன்னிப்பு, 2021ல சட்டமும் பாஸ் ஆச்சு. ங்காட்டி முட்டுங்கா வம்சத்துக்காரங்களும் அதே தீவுலதான் இருக்காங்க, அரசாங்கத்தோட அவங்க பேச்சுவார்த்தை தனி டிராக்ல நடந்துச்சு, தே ஃபங்கா லகூன் மாதிரி பொதுவா இருக்கற விஷயங்கள ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்துதான் தீத்துக்கணும்.